பிரஷர் இறங்குதா? தண்ணீர் ஏற்றுவதை நிறுத்து, தங்கச்சி!

பிரிட்டனில் வீடு வைத்திருக்கும் தங்கைமாருக்கும் தம்பிமாருக்கும் சேர்த்துத்தான் இது. அக்டோபர் பிறந்தால் போதும், ஒரே பாட்டு: "அக்கா, பாய்லர் நின்னுபோச்சு. பிரஷர் இறங்கியிருந்தது. கீழே இருக்கிற குழாயைத் திறந்து தண்ணீர் ஏத்தினேன், சரியாயிடுச்சு." சரியாகவில்லை, கண்ணு. மூடி மறைத்திருக்கிறாய், அவ்வளவுதான். வாராவாரம் தண்ணீர் ஏற்றிக்கொண்டே ஒரு குளிர்காலத்தை ஓட்டிவிட்டு, மார்ச்சில் கம்பளத்தில் பழுப்புக் கறையைப் பார்த்து அழுகிறவர்கள் எத்தனை பேர்!

விஷயம் இதுதான். உன் வீட்டு ஹீட்டிங்கில் ஓடுவது சுற்றிச் சுற்றி வருகிற பழைய தண்ணீர். ரேடியேட்டர் என்பது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகமான கனமுள்ள இரும்புத் தகடு. தண்ணீர் பழையதாக இருக்கும்வரை அதிலிருந்த பிராணவாயு செலவாகி, துருவும் ஓய்ந்துவிடும். நீ புதுத் தண்ணீர் ஏற்றும்போதெல்லாம் புதுப் பிராணவாயு உள்ளே போகிறது. உள்ளே ஊற்றி வைத்த இன்ஹிபிட்டர், அதாவது துருத்தடுப்பு மருந்து, நீர்த்துப்போகிறது. துரு கூடுகிறது, துருவால் ஓட்டை விழுகிறது, ஓட்டையால் பிரஷர் இறங்குகிறது, நீ மறுபடியும் தண்ணீர் ஏற்றுகிறாய். இந்த வட்டத்தை அறுக்காமல் வேறு எதைச் செய்தாலும் வீண்.

ரேடியேட்டரிலிருந்து காற்று எடுத்த பிறகு கொஞ்சம் தண்ணீர் ஏற்றுவது சகஜம். ஆனால் மாதாமாதம் ஏற்ற வேண்டியிருந்தால் எங்கேயோ கோளாறு இருக்கிறது என்று அர்த்தம்.

எங்கே போகிறது தண்ணீர்?

1. முதலில் பாய்லர் முள்ளைப் பார். ஹீட்டிங் ஆறியிருக்கும்போது 1 முதல் 1.5 பார் இருக்க வேண்டும். சூடானால் கொஞ்சம் ஏறும், அது இயல்பு. ஆனால் சூட்டில் 3 பார் பக்கம் எகிறி, ஆறியதும் பூஜ்யத்துக்கு விழுகிறதென்றால் ரேடியேட்டரைக் குறை சொல்லாதே. விரியும் தண்ணீருக்கு இடம் கொடுக்கிற எக்ஸ்பான்ஷன் வெசல் காற்றிழந்திருக்கலாம். 3 பாரில் பாதுகாப்பு வால்வு திறந்து தண்ணீரை வெளியே கொட்டிவிடும். வீட்டுக்கு வெளியே சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சின்னச் செம்புக் குழாயின் வாயைப் போய்ப் பார். அதன் கீழே சுவர் நனைந்தோ வெள்ளைக் கறை படிந்தோ இருந்தால் தண்ணீர் போகும் வழி அதுதான். அது இன்ஜினியர் வேலை. அந்த வால்வின் திருகைத் திருகிச் சோதித்துப் பார்க்கும் ஆர்வமும் வேண்டாம். பழைய வால்வு ஒருமுறை திறந்தால் மறுபடி சரியாக மூடாது.

2. அதில் கோளாறு இல்லையென்றால் ரேடியேட்டர்களுக்கு வா. எப்போது பார்ப்பது? விடிகாலையில், ஹீட்டிங் ஓடத் தொடங்கும் முன். சூடாக இருக்கும்போது கசிவு அங்கேயே ஆவியாகிவிடும். நாள் முழுக்கத் தேடினாலும் ஈரம் தட்டாது.

3. ஒவ்வொரு ரேடியேட்டரிலும் இரண்டு பக்க வால்வுகளையும் துணியால் நன்றாகத் துடை. பிறகு டாய்லெட் பேப்பரை ஒவ்வொரு நட்டிலும் தனித்தனியாகச் சுற்றிவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பார். மொத்தமாகச் சுற்றாதே. மேலே கசிந்து கீழே வழிவதைப் பார்த்துவிட்டுக் கீழ் நட்டை முறுக்கி உடைப்பதுதான் வழக்கமான தப்பு. எந்தப் பேப்பர் முதலில் நனைகிறதோ அதுதான் குற்றவாளி.

4. ஈரம் இல்லாவிட்டாலும் தடயம் இருக்கும். பித்தளை நட்டைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாகப் பொருக்குக் கட்டியிருக்கும். ரேடியேட்டரின் அடி ஓரத்தில் தேநீர் நிறத்தில் ஒரு கோடு இறங்கியிருக்கும். இதெல்லாம் மெல்லக் கசிந்து மெல்லக் காய்ந்ததன் அடையாளம்.

5. வெளியில் எங்குமே தடயம் இல்லையா? இரவு பாய்லரை அணைத்துவிட்டு, பாய்லரின் அடியில் ஹீட்டிங்குக்குப் போகும் குழாய், திரும்பி வரும் குழாய் இரண்டின் வால்வையும் மூடிவிடு. காலையில் முள் இறங்கியிருந்தால் கோளாறு பாய்லருக்குள். அப்படியே நின்றால் ரேடியேட்டரிலோ, தரைக்கடியில் ஓடும் குழாயிலோ. வால்வுகளை மறுபடி திறக்காமல் பாய்லரைப் போட்டுவிடாதே! இந்த ஒரு சோதனை செய்துவிட்டுப் பிளம்பரைக் கூப்பிட்டால் அவருடைய நேரமும் உன் பணமும் மிச்சம்.

மாடிக் கூரைக்குள் சின்னத் தொட்டி வைத்த பழைய வீடா? உனக்குப் பிரஷர் முள்ளே கிடையாது. கசியக் கசியத் தொட்டியின் மிதவை தானாகத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கும், உனக்குச் சொல்லவும் சொல்லாது. வருஷத்துக்கு ஒருமுறையாவது ஏணி வைத்து ஏறிப் பார். தொட்டித் தண்ணீர் செம்மண் குட்டை மாதிரி இருந்தால் உள்ளே துரு வேலை செய்துகொண்டிருக்கிறது.

எதில் கை வைக்கலாம், எதில் கூடாது

பாய்லரின் மூடியைக் கழற்றும் எந்த வேலையும் உன்னுடையது அல்ல. அதற்கு மேல் பேச்சில்லை. ரேடியேட்டரும் அதன் வால்வும் கேஸ் வேலை அல்ல என்பதால், கையில் கொஞ்சம் பொறுமை இருந்தால் நீயே பார்க்கலாம்.

வால்வின் தண்டைச் சுற்றிக் கசிகிறதா? கசிவுகளில் இதுதான் ரொம்ப எளிது. பிளாஸ்டிக் தொப்பியைக் கழற்றினால் தண்டைப் பிடித்தபடி ஒரு சின்ன நட் தெரியும். கிளாண்ட் நட் என்பார்கள். கால் சுற்றுக்கும் குறைவாக வலப்பக்கம் முறுக்கு. பல கசிவுகள் இதிலேயே நின்றுவிடும். அப்படியும் நிற்காவிட்டால் ஹீட்டிங்கை ஆறவிட்டு, பிரஷரை இறக்கி, வால்வை மூடிவிட்டு அந்த நட்டைத் தளர்த்தி, டெஃப்லான் டேப்பை நூல் மாதிரி திரித்துத் தண்டைச் சுற்றி உள்ளே செருகி மறுபடி முறுக்கு.

குழாயும் வால்வும் சேரும் இடத்திலும், வால்வும் ரேடியேட்டரும் சேரும் இடத்திலும் பெரிய நட் இருக்கும். இங்கே இரண்டு ஸ்பானர் கட்டாயம். ஒன்று வால்வு உடம்பை அசையாமல் பிடிக்க, இன்னொன்று நட்டைத் திருப்ப. ஒற்றை ஸ்பானரோடு பலம் காட்டினால் குழாயே முறுக்கிக்கொள்ளும், அப்புறம் தரைப்பலகையைப் பெயர்க்க வேண்டியதுதான். கால் சுற்று முறுக்கிப் பார், நிற்கவில்லையென்றால் விட்டுவிடு. குழாய்ப் பக்கத்து நட்டுக்குள் இருக்கும் ஆலிவ் என்ற வளையம் நசுங்கிவிட்டால் எவ்வளவு முறுக்கினாலும் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

வால்வை மூடும்போது ஒரு விஷயம். ஒரு பக்கம் எண் போட்ட தெர்மோஸ்டாட் தலை இருக்கும். மறுபக்கம் வெறும் தொப்பி போட்ட லாக்ஷீல்டு வால்வு. அந்த லாக்ஷீல்டை மூடும்போது எத்தனை சுற்று சுற்றினாய் என்று எண்ணி, ஒரு சீட்டில் எழுதி அங்கேயே ஒட்டிவிடு. திறக்கும்போது அதே எண்ணிக்கை. ஒவ்வொரு அறைக்கும் எவ்வளவு சூட்டுத் தண்ணீர் போக வேண்டும் என்று நிறுத்து வைத்திருப்பது அதுதான். எண்ணாமல் முழுக்கத் திறந்துவிட்டு, "மாடி அறை ஏன் சூடாகவில்லை?" என்று என்னைக் கேட்காதே.

தகட்டிலேயே ஓட்டை விழுந்தால்

பெரும்பாலும் அடி ஓரத்து மடிப்பில், பெயின்ட் கொப்புளித்த இடத்தில்தான் விழும். அந்தக் கொப்புளத்தைப் பார்த்ததும் எல்லோருக்கும் கை அரிக்கும். நகத்தால் கிள்ளுவார்கள், உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பார்கள். தொடாதே! பல நேரம் உள்ளிருந்து வந்த துரு அங்கே பெயின்ட்டை மட்டும் விட்டு வைத்திருக்கும். கிள்ளினால் கறுப்புத் தண்ணீர் பீய்ச்சும். அந்தக் கறுப்பு, கம்பளத்தில் பட்டால் போகாது.

பீய்ச்சிவிட்டதா? பதறாதே. வரிசையாகச் செய்:

- ஹீட்டிங்கை அணை. பக்கத்தில் பிளக் பாயின்ட் நனைகிறதென்றால் மெயினில் மின்சாரத்தையும் நிறுத்து.
- அந்த ரேடியேட்டரின் இரண்டு வால்வுகளையும் மூடு. தெர்மோஸ்டாட் தலையைப் பூஜ்யத்தில் வைத்தால் மூடியதாக எண்ணாதே. அறை ரொம்பக் குளிர்ந்தால் குழாய் உறையாமலிருக்க அது தானாகத் திறக்கும். தலையைக் கழற்றிவிட்டு, அதற்கென்றே வரும் மூடியைத் திருகி வை.
- பழைய டவல், அகலமான தட்டு, வாளி. வால்வுக்கு அடியில் வைக்க, பெயின்ட் ரோலர் தட்டுதான் சரியான உயரம்.
- இரண்டு வால்வுகளையும் மூடியபின் அந்த ஒரு ரேடியேட்டர் மட்டும் தனியாகிவிடும். பிரஷர் சரியாக இருந்தால் மற்ற அறைகளுக்கு ஹீட்டிங் ஓடலாம். வால்விலேயோ குழாயிலேயோ ஓட்டை என்றால் இந்த வித்தை பலிக்காது. அப்போது பெரும்பாலும் சமையலறைச் சிங்க்கின் கீழே இருக்கும் ஸ்டாப்காக்கை மூடு, பிளம்பரைக் கூப்பிடு. ஸ்டாப்காக் எங்கே இருக்கிறதென்று தெரியாதா? இதைப் படித்து முடித்ததும் முதல் வேலை அதைத் தேடுவது.

பாட்டிலில் விற்கும் லீக் சீலர் ஊற்றலாமா என்று கேட்பாய். ஃபெர்னாக்ஸ், சென்டினல் எல்லாம் அப்படியொன்று விற்கின்றன. கண்ணுக்குத் தெரியாத, எட்ட முடியாத சின்னக் கசிவுக்குக் கடைசி முயற்சியாக ஊற்றலாம், அதுவும் உன் பாய்லர் கம்பெனி அனுமதித்தால். கண்ணெதிரே ஒழுகும் நட்டுக்கும், தகட்டில் விழுந்த ஓட்டைக்கும் அதை ஊற்றுவது சோம்பேறித்தனம். ஒரு இடத்தில் துரு தின்று முடித்த ரேடியேட்டரில் அடுத்த ஓட்டைக்கும் இடம் தயாராகத்தான் இருக்கும். எபாக்ஸி பசையெல்லாம் புது ரேடியேட்டர் வரும்வரை ஓட்டத்தான்.

மாற்றும்போது பழையதை அளக்காமல் கடைக்குப் போகாதே. அகலம், உயரம், முக்கியமாக இரண்டு குழாய்களுக்கும் நடுவே உள்ள தூரம். ரொம்பப் பழைய ரேடியேட்டர் என்றால் அங்குலக் கணக்கில் செய்ததாக இருக்கலாம், புதியது மில்லிமீட்டர் கணக்கு. பார்வைக்கு ஒரே அளவாகத் தெரியும், மாட்டும்போது சில மில்லிமீட்டர் இடிக்கும். அதற்கென்றே சின்ன நீட்டிப்புத் துண்டு கடையில் கிடைக்கும், கையோடு வாங்கிவிடு. தூக்க இரண்டு பேர் வேண்டும். இரட்டைத் தகடு ரேடியேட்டர் தண்ணீரோடு என்ன கனம் கனக்கும் என்பது தூக்கும்போதுதான் தெரியும். சுவரிலிருந்து எடுத்ததும் எல்லா வாய்களையும் அடைத்து, நேராகத் தூக்கி வெளியே கொண்டு போ. சாய்த்தால் கம்பளம் போச்சு.

துருவை வர விடாமல் செய்வது

இங்கேதான் காசு மிச்சமாகும், இங்கேதான் எவரும் கவனிப்பதில்லை.

1. கையால் தொட்டு நோய் கண்டுபிடி. மேல் பகுதி மட்டும் குளிர்ந்திருந்தால் காற்று. அடியில் நடுப்பகுதி குளிர்ந்திருந்தால் கறுப்புச் சேறு. ரேடியேட்டர் முழுக்கக் குளிர்ந்தால், பெரும்பாலும் தெர்மோஸ்டாட் தலைக்கடியில் உள்ள ஊசி சிக்கியிருக்கும். தலையைக் கழற்றி ஊசியை விரலாலோ மரக் கரண்டிக் காம்பாலோ மெல்ல அழுத்தி விடு. குறடு போட்டு இழுக்காதே, ஊசி கையோடு வந்துவிடும்.

2. காற்று எடுக்கும்போது ஹீட்டிங் அணைந்து ஆறியிருக்க வேண்டும். ரேடியேட்டர் சாவியை அரைச் சுற்று மட்டும் திருப்பு. முழுக்கத் திருப்பினால் திருகு கழன்று விழும், கறுப்புத் தண்ணீர் சுவரில் கோலம் போடும். ஒரே ரேடியேட்டரில் அடிக்கடி காற்று சேர்கிறதா? அது காற்றாக இல்லாமலும் இருக்கலாம். இரும்பு அரிக்கப்படும்போது ஹைட்ரஜன் உண்டாகும், அது தீப்பிடிக்கக் கூடியது. பக்கத்தில் சாமி விளக்கு எரிந்தால் அணைந்த பிறகு எடு.

3. அப்படியே ஒரு சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் பிடி. தெளிவாக இருந்தால் நிம்மதி. கறுப்பாக இருந்தால் ஃபிரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கும் காந்தத்தைப் பாட்டிலுக்கு வெளியே வைத்து நகர்த்து. அடியில் தங்கிய தூள் காந்தத்தின் பின்னாலேயே ஊர்ந்து வரும். மேக்னடைட் என்ற இரும்புத் துரு அது, உன் ரேடியேட்டரின் தகடுதான் கரைந்து இப்படி வந்திருக்கிறது. ஆரஞ்சும் பழுப்புமாக இருந்தால் இன்னும் மோசம், புதுக் காற்று தொடர்ந்து உள்ளே போகிறது என்று பொருள்.

4. இன்ஹிபிட்டர் இன்னும் வேலை செய்கிறதா என்று அறிய இரண்டு பழைய ஊறுகாய் பாட்டில் போதும். ஒன்றில் ரேடியேட்டர் தண்ணீர், இன்னொன்றில் குழாய்த் தண்ணீர். இரண்டிலும் ஆளுக்கொரு சாதாரண இரும்பு ஆணி, துத்தநாகம் பூசாதது. ஒரு வாரம் விடு. ரேடியேட்டர் தண்ணீர் ஆணியும் துருப்பிடித்தால் மருந்து தீர்ந்துவிட்டது.

5. மருந்து என்றால் ஃபெர்னாக்ஸ் எஃப்1, சென்டினல் எக்ஸ்100 போன்றவை. எவ்வளவு வேண்டும் என்று லேபிளைப் படித்துவிட்டு ஊற்று. பாத்ரூம் டவல் கம்பி ரேடியேட்டரில் ஊற்றுவது சுலபம்: இரண்டு வால்வையும் மூடி, கொஞ்சம் தண்ணீரை வடித்து, மேல் அடைப்பைக் கழற்றி, புனல் வைத்து ஊற்றி மூடிவிடு. ஆண்டுதோறும் தண்ணீரைச் சோதி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை மருந்தைப் புதுப்பி என்பது பிரிட்டனின் பிஎஸ் 7593 விதிநூல் சொல்வது. ஒரு ரேடியேட்டரைக் கழற்றித் தண்ணீரை வடித்த ஒவ்வொரு முறையும் மருந்து மறுபடி வேண்டும். பிளம்பர் மறப்பார், நீ மறக்காதே.

6. பாய்லருக்குத் திரும்பி வரும் குழாயில் காந்த ஃபில்டர் இருந்தால், வருடாந்தரச் சர்வீஸின்போது அதைத் திறந்து கழுவச் சொல். நீ பக்கத்தில் நின்று பார். கேட்காவிட்டால் செய்யாமலே போகிறவர்களும் உண்டு.

7. தண்ணீர் ஏற்றும் வெள்ளிப் பின்னல் குழாய் இருக்கிறதே, ஏற்றி முடித்ததும் இரண்டு பக்க வால்வையும் மூடி அதைக் கழற்றி வை. அரைகுறையாக மூடினால் நாள் முழுக்கப் புதுத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக உள்ளே போய், பிரஷரும் ஏறி, துருவும் ஏறும்.

8. ஒரு பவர் ஃப்ளஷ் போட்டால் எல்லாம் தீரும் என்று ஆசை காட்டுவார்கள். சேறு கட்டிய வீட்டுக்கு நல்லதுதான், ஆனால் செலவு அதிகம். ரொம்பப் பழைய ரேடியேட்டரில் அந்தச் சேறுதான் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும், கழுவினதும் ஒழுகத் தொடங்கும். ஒன்றிரண்டு ரேடியேட்டர்தான் அடியில் குளிர்கிறதென்றால் அவற்றை மட்டும் கழற்றித் தோட்டத்தில் வைத்து ஹோஸ் பைப்பால் கழுவினாலே போதும்.

வெளிப்புறத் துருவுக்குக் காரணம் நாம்தான். ஈரத் துணியை ரேடியேட்டர் மேல் போட்டு உலர்த்துகிறோம், பாத்ரூமில் நனைந்த டவலை மேலேயே போடுகிறோம். இட்லி மாவு புளிக்கட்டும் என்று உப்புப் போட்ட பாத்திரத்தை அதன் மேல் ஏற்றி வைத்துப் பொங்கி வழிய விடுகிறவர்களுக்குத் தனியாகத் திட்டு! மாவைப் பாய்லர் அலமாரிக்குள் வை, அங்கேயும் நன்றாகப் புளிக்கும். துரு மேலோட்டமாக இருந்து, தகடு உறுதியாக இருந்தால் மட்டும் தேய்த்து, துருத்தடுப்பு பிரைமர் அடித்து, ரேடியேட்டர் பெயின்ட் பூசு. அடி மடிப்பை மட்டும் மறுபடியும் சொல்கிறேன், தொடாதே.

வாடகை வீட்டில் இருப்பவளுக்கு

ஸ்பானரைக் கீழே வை. இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டு வீட்டுரிமையாளர், வாடகைதாரர் சட்டத்தின் 11ஆவது பிரிவு, ஹீட்டிங்கைப் பழுதில்லாமல் வைத்திருப்பது உரிமையாளர் கடமை என்கிறது. போனில் சொன்னால் காற்றோடு போகும். படம் எடுத்து, தேதியோடு மின்னஞ்சல் அனுப்பு. சொந்த வீட்டுக்காரிக்கும் இது உதவும்: திடீரென்று உடைத்துக்கொண்டு வந்த தண்ணீரால் ஏற்படும் சேதத்தைக் காப்பீடு பார்க்கும், மாதக்கணக்கில் மெல்லக் கசிந்ததைப் பெரும்பாலான பாலிசிகள் ஏற்காது. பார்த்தவுடன் சரிசெய்ததற்குச் சான்று உன்னிடம் இருக்க வேண்டும்.

டிசம்பரில் ஊருக்குப் போகிறாயா?

கேஸ் பில்லுக்குப் பயந்து ஹீட்டிங்கை முழுக்க அணைத்துவிட்டுச் சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ விமானம் ஏறாதே. குழாய் உறைந்து வெடித்தால் நீ பொங்கல் முடிந்து திரும்பும்வரை கேட்பாரில்லை. 12 முதல் 15 டிகிரியில் விட்டுவிட்டுப் போ. குளிர்காலத்தில் ஆளில்லாத வீட்டுக்குச் சில பாலிசிகள் குறைந்தபட்ச வெப்பம் வைத்தே ஆக வேண்டும் என்று நிபந்தனை போடும், எடுத்துப் படி. பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்து ஸ்டாப்காக் இருக்கும் இடத்தையும் காட்டிவிடு. கோடையிலும் மாதம் ஒருமுறை பத்து நிமிடம் ஹீட்டிங்கை ஓடவிட்டால் பம்பும் வால்வு ஊசிகளும் சிக்காது.

கடைசியாக ஒன்று. பாய்லருக்கு வருகிறவர் யாராக இருந்தாலும், சொந்தக்காரரின் நண்பராக இருந்தாலும், கேஸ் சேஃப் கார்டைக் கேட்டு வாங்கிப் பார். கூச்சப்படாதே. முன்பக்கத்தில் படமும் முடிவுத் தேதியும் இருக்கும். அவர் எந்தெந்த வேலைக்குத் தகுதி பெற்றவர் என்பது பின்பக்கத்தில்தான் இருக்கும், திருப்பிப் பார்.